எந்த ஊரிலும் சேராத நட்சத்திரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு ஜூன் மாதம். பாளையங்கோட்டையில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்த ஒரு மிஷன் பள்ளியில், வானப் பாடத்தின் ஆயுள் வருகிற திங்கட்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தோடு முடிந்துவிடும் என்பது சமையற்கட்டு வரைக்கும் பரவிவிட்ட செய்தி. பள்ளியின் தலைமையில் இருந்த வெள்ளைக்கார அம்மையார் வெயிலுக்குப் பயந்து கோடைக்கானலுக்கு ஏறியிருந்தார். அவர் இல்லாதபோது பள்ளியின் சகல அதிகாரமும் கமிட்டியிடம் இருந்தது. கமிட்டியின் அதிகாரமோ அதன் செயலாளர் அப்பாத்துரை ஐயாவின் கைக்குடைக்குள் இருந்தது.

பாடத்தை நடத்தியவள் பியூலா. பூகோளமும் சித்திரமும் கற்பிப்பதற்காக நியமிக்கப்பட்டவள். பூமியின் படத்தை வரைந்து முடித்தவளுக்கு அதற்கு மேலே இருப்பதை வரையாமல் விட மனம் வரவில்லை. பயிற்சி முடித்த பெண்கள் அடுத்த ஆண்டு நாங்குநேரிக்கும் சாத்தான்குளத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள செம்மணல் தேரிக்காட்டு ஊர்களுக்கும் ஆசிரியைகளாகப் போவார்கள். அந்த ஊர்ப் பள்ளிகளில் பலவற்றில் ஒரு தேசப்படம்கூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் மேலே ஒரு வானம் விரித்துக் கிடக்கிறது. அதை வாசிக்கக் கற்றுக்கொண்டு போகிறவள் வெறுங்கையோடு போகிறவள் அல்லள். பியூலா விரும்பியது இவ்வளவுதான். திங்கட்கிழமை பறிபோக இருந்ததும் இதுதான்.

அப்பாத்துரை ஐயா கெட்டவர் அல்லர். ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் அவர் காலால் மிதித்து அளக்காத வரப்பு இல்லை என்பார்கள். சோதிடம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்கு உடம்பு எரியும். பாடம் தொடங்கிய புதிதிலேயே அவர் நிபந்தனை போட்டிருந்தார்.

"பஞ்சாங்கத்துப் பேரு ஒண்ணும் நம்ம பள்ளிக்கூடத்துல வேண்டாம், டீச்சரம்மா. இன்னைக்குத் திருவாதிரைம்பிய, கார்த்திகைம்பிய. நாளைக்கு நல்ல நேரம் கெட்ட நேரம்னு அது வாசல்ல வந்து நிக்கும்."

"அப்போ இங்கிலீஸ் பேரையே சொல்லிக் குடுக்கட்டுமாய்யா? அதுலயும் பாதி கிரேக்கரு கும்பிட்ட சாமிகதான்."

அப்பாத்துரை ஐயா இதை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அந்தச் சாமிகளும் வேண்டாம். சாமி, தேவதை, துணியில்லாத உருவம், எல்லாத்தையும் படத்துல இருந்து அழிச்சிருங்க. மிருகம், பறவை, தட்டுமுட்டுச் சாமான் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பியூலா அழித்தாள். பெரிய காடாத்துணி ஒன்றில் தான் எழுதியிருந்த வானப்படத்திலிருந்து கதாயுதம் ஏந்திய வீரனை நீக்கி, அதே விண்மீன்களைப் பனையோலைக் கடகப்பெட்டி ஆக்கினாள். பாம்பைப் பிடித்து நின்ற வைத்தியன் கூடாரமாக மாறினான். பாம்பை மட்டும் ஏதேன் தோட்டத்தை நினைத்துக் கமிட்டி விட்டுவைத்தது. தெற்கே சிலுவையும் வடகிழக்கே தாவீதின் சுரமண்டலமும் இருந்ததில் கமிட்டிக்குப் பரம திருப்தி. ஆனாலும் சோதிடப் பயம் அப்பாத்துரை ஐயாவை விடவில்லை; பாடத்தையே மூடிவிடும் தீர்மானத்தைத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வைத்திருந்தார்.

பெயர்களைவிடப் பியூலாவுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. நட்சத்திர மண்டலம் என்பது நாலைந்து விண்மீன்களைக் கோடிழுத்துச் சேர்த்த படம் என்றே பயிற்சிக்கு வந்த பெண்கள் எண்ணியிருந்தார்கள். அவள் அதை ஊர் என்று சொல்லிக் கொடுத்தாள். பெரிய வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் சேர்ந்ததுதானே ஊர்? அதுபோல, பிரகாசமானதும் மங்கலானதுமாக ஓர் எல்லைக்குள் நிற்கும் அத்தனை மீன்களும் சேர்ந்ததே ஒரு மண்டலம். ஆளுக்கொரு ஊரை அவள் பிரித்துக் கொடுத்திருந்தாள். இராச்சாப்பாட்டு மணிக்குப் பிறகு எல்லோரும் மாடியேறித் தத்தம் ஊரைப் பார்ப்பார்கள். மேற்கிலிருந்து தொடங்கி ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுக்க வேண்டும்: "எங்க ஊர்ல எல்லாரும் சுகம், டீச்சரம்மா!" கிழக்கே அப்போதுதான் எழும்பி வருகிற ஊர்களின் முறை கடைசியில் வரும்.

கழுகு உடன்குடிப் பெண்ணான கனியின் ஊர். அதற்கு அடுத்த பாம்பு, ஆற்றுப் பாசன வயல்காட்டிலிருந்து வந்த ஆவுடைத்தாயின் ஊர். விடுதியிலும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய். ஆகவே எல்லைத் தகராறு நாள்தோறும் உண்டு.

சனிக்கிழமை அமாவாசை இருட்டு. மேற்கே பொதிகைப் பக்கம் சாரல் மேகம் அப்பியிருந்தாலும் கிழக்கு துலக்கமாக இருந்தது. அன்றும் எல்லா ஊரிலும் எல்லோரும் சுகமாகவே இருந்தார்கள். ஞாயிறு ஓய்வுநாள்; அன்று மாடியேறக் கூடாது.

ஞாயிறு இரவு ஆராதனை முடிந்து பெண்கள் வரிசையாகப் பள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பியூலா கடைசியில் வந்தாள். அவளுக்கு முன்னால் கனியும் ஆவுடைத்தாயும் வாயை மூடாமல் நடந்தார்கள்.

"ஏட்டி ஆவுடை, ஒங்க ஊருக்கு வந்த விருந்தாளி நேத்தைவிட இன்னைக்கு நல்லாத் தெளிஞ்சிட்டாளே! என்னத்தட்டி ஆக்கிப் போட்ட?"

"எங்க ஊரா? ஒங்க ஊரு ஆளுன்னுல்லா நான் நெனச்சேன். உடங்குடிக் கருப்பட்டி தின்னுதான் இந்தப் பெருப்புப் பெருத்திருக்கான்னு பாத்தேன்."

"வெளையாடாத. எங்க ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு ஆளா?"

"நேத்தே அங்கன நின்னுச்சுல்லா? நீ சொல்லுவன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

"நீ சொல்லுவன்னுல்லாட்டி நான் பேசாம இருந்தேன்!"

பியூலா நின்றுவிட்டாள். "எங்கன?" என்று கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கைநீட்டினார்கள்.

சாலையோரத்துப் பனைகளுக்கு மேலே, கிழக்கில், அது நின்றது. சுரமண்டலத்தின் தலைமீனைவிடப் பிரகாசம். நீலம் கலந்த வெண்மை. அந்த இடத்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கிரகமாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. கிரகங்கள் எல்லாம் வானத்தில் ஒரே சாலையில்தான் போகும். அந்தச் சாலை தெற்கே தேளின் வழியாகப் போகிறது. செவ்வாயும் சனியும் அன்று மேற்குப் பாதியில் அதே சாலையில் ஒழுங்காகத்தான் இருந்தன. இதுவோ சாலையை விட்டு வெகுதூரம் விலகி, காட்டுக்குள் வீடு கட்டியவனைப்போல் நின்றது. புது நட்சத்திரம்.

"என்னம்மா, ஆராதனை முடிஞ்சு நடுரோட்டுலயே நின்னுட்டிய?" குடையை ஊன்றியபடி அப்பாத்துரை ஐயா வந்து சேர்ந்தார்.

அவள் காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்ததை மறுக்கும் மனிதர் அல்லர் அவர். ஆனால் முகம் இறுகியது.

"ஐயா, சென்னை வானசாலைக்கு உடனே ஒரு தந்தி குடுக்கணும். பள்ளிக்கூடத்துப் பேர்ல."

"ஓய்வுநாள்ல தந்தியா? அதுவும் நம்ம பள்ளிக்கூடத்துப் பேர்லயா? கேளுங்கம்மா. கடைத்தெருவுல இப்பவே ஆரம்பிச்சிட்டானுக. புது வெள்ளி மொளச்சிருக்கு, ஜெர்மன் சண்டை இன்னும் பத்து வருசம் இழுக்கும், கொள்ளை நோய் வரும்ங்கானுவ. அந்தப் பேச்சுக்கு நாம முத்திரை குத்தணுமாக்கும்? நாளைக்குக் கமிட்டி இருக்கு. அந்தப் பாடம் இருக்கணுமா வேண்டாமான்னு மொதல்ல தீரட்டும்."

"அப்போ ஒண்ணே ஒண்ணு கேக்கேன்யா. கமிட்டி அறைக்குள்ள வேண்டாம். மாடியில கூடட்டும்."

அப்பாத்துரை ஐயா குடையால் தரையை இருமுறை தட்டினார். "வாரோம். பாத்துட்டுத்தான் மூடணும். பாக்காம மூடுனா நியாயம் இல்ல."

திங்கட்கிழமை இராச்சாப்பாட்டுக்குப் பின் கமிட்டி மாடியேறியது. அப்பாத்துரை ஐயாவுடன் கமிட்டி உறுப்பினர்களான குருவானவரும் ஊர் டாக்டரும் வந்தார்கள். பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நடுவில் காடாத்துணி விரித்து, காற்றுக்கு நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தது. இரண்டு அரிக்கேன் விளக்குகளுக்குக் கண் கூசாதபடி சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். கிழக்கே புது விருந்தாளி நேற்றைவிட ஒரு துளி மங்கி, ஆனாலும் யாரும் தேடவேண்டாத பிரகாசத்தோடு நின்றது.

முதல் கேள்வி குருவானவருடையது. அது நியாயமான கேள்வியும்கூட. "எப்பவும் இருந்ததா இருக்கலாமே, அம்மா? வானத்துல எத்தனையோ கோடி. நாம இப்பத்தான் கவனிச்சிருப்போம். புதுசுன்னு எப்படிச் சொல்லுதிய?"

"பழசு அம்புட்டையும் தெரிஞ்சவங்கதான் புதுசுன்னு சொல்ல முடியும், போதகரய்யா. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்றாள் பியூலா.

அப்பாத்துரை ஐயாவுக்குச் சோதனை என்றால் பிரியம். குடையை மடக்கித் துப்பாக்கியைப்போல் நீட்டினார். "இது எந்த ஊரு?"

"சிலுவை, ஐயா!" தெற்கு மூலையிலிருந்து குரல் வந்தது.

"இது தெரியாதவன் ஆரு? இது?"

"கிரீடம்!"

"இந்தா, ஒண்ணுமே இல்லாம இருட்டாக் கெடக்குல்லா, இது?"

"அதுவும் கிரீடம்தான், ஐயா. எங்க ஊருக் கெழக்கு ஓரம். அங்கன மூணு குடிசை இருக்கு. நல்லா உத்துப் பாருங்க!"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அட, ஆமா இருக்கு" என்றார்.

குடை வேகம் பிடித்தது. அவர் வேண்டுமென்றே ஊர்களின் நடுவை விட்டு ஓரங்களையே குறிவைத்தார். அளவைக்காரரின் புத்தி அது. தேள், கூடாரம், ஆயன், கடகப்பெட்டி என்று பதில்கள் மாடியின் நாலு பக்கமிருந்தும் வந்து விழுந்தன. பெண்களின் குரலில் முதலில் இருந்த நடுக்கம் போய் ஒரு துள்ளல் ஏறியிருந்தது. இன்னும் நாலு கேள்வி தாண்டினால் போதும் என்று பியூலாவுக்குத் தோன்றியது.

அப்போது குடை மெல்லக் கிழக்கே திரும்பிப் புது நட்சத்திரத்தின்மேல் நின்றது.

"இவ நிக்கிற எடம் எந்த ஊரு?"

கனி ஆவுடைத்தாயைப் பார்த்தாள். ஆவுடைத்தாய் கனியைப் பார்த்தாள்.

"எங்க ஊரு இல்லய்யா" என்றாள் ஒருத்தி.

"எங்க ஊரும் இல்லய்யா" என்றாள் மற்றவள்.

அப்பாத்துரை ஐயா குனிந்து காடாத்துணியைப் பார்த்தார். பாம்பின் வால் முடிகிற இடத்துக்கும் கழுகு தொடங்குகிற இடத்துக்கும் இடையே வெறுந்துணி. கோடு இல்லை, பெயர் இல்லை.

"என்னம்மா இது? இங்கன ஒண்ணையும் காணோம்? இது ஆருக்குப் பாத்தியம்?"

"ஆருக்கும் எழுதலய்யா."

"ஆருக்கும் எழுதலயா?" சோதிடத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரல் இப்படி உயர்ந்ததில்லை. "ஆத்துப் படுகைக்கு நம்பர் உண்டு. சுடுகாட்டுக்கு நம்பர் உண்டு. புறம்போக்குன்னாலும் ஏதாவது ஒரு ஊரு எல்லைக்குள்ளதாம்மா கெடக்கும். எந்த ஊருலயும் சேராத நெலம்னு ஒண்ண என் சர்வீசுல நான் பாத்ததே கெடையாது! இந்தப் படத்த வச்சிக்கிட்டா புதுசு பழசு சொல்ல வந்திய?"

"பாடத்துலயே ஓட்டை விழுந்து கெடக்கே" என்றார் டாக்டர் வருத்தத்தோடு.

அப்பாத்துரை ஐயா சொன்னது முழுக்கச் சரி என்று பியூலாவுக்குத் தெரிந்தது. அந்த வெற்றிடத்தால்தான் சனிக்கிழமை இரண்டு பெண்களும் ஒரு நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. எப்படி விட்டேன் இதை? துணியின் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். விரலுக்குச் சொரசொரப்பு தட்டியது. சுரண்டி அழித்த இடம். என்ன இருந்தது இங்கே?

நினைவு வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"ஐயா, இங்கன ஒரு ஆளு இருந்தான்."

"எங்க போனான்?"

"நீங்கதான்யா அழிக்கச் சொன்னிய."

சுவரோரத்தில் யாரோ சிரிப்பை விழுங்கிப் புரையேறினாள். குருவானவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல இருக்க பழைய வானப் புத்தகத்துல கழுகு தன் கால்ல ஒரு எளந்தாரியத் தூக்கிட்டுப் போகும். துணியில்லாத உருவம். அதனால அழிச்சேன். அதுல தப்பு இல்ல. வானசாஸ்திரம் படிச்சவங்களே அவனக் கணக்குல இருந்து நீக்கிட்டாங்க. ஆனா அவங்க ஆளத்தான் நீக்குனாங்க, அவன் நின்ன நெலத்த நீக்கல. நான் ஆளோட நெலத்தையும் சேத்துச் சுரண்டிட்டேன்."

இதைச் சொல்லும்போதே, இவ்வளவு நாளும் தான் கற்பித்ததை இப்போதுதான் முழுதாகப் புரிந்துகொள்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. ஊர், ஊர் என்று வாயால் சொல்லிவிட்டு, கையால் அவள் வரைந்திருந்தது உருவங்களைத்தான். உருவத்தைச் சுற்றி வேலி போட்டிருந்தாள், வானத்தைப் பங்கிடவில்லை. வானத்தைப் பங்கிட்டவர்களோ கண்ணுக்குத் தெரியும் மீன்களோடு நிற்கவில்லை. இன்னும் தோன்றாத ஒன்று நாளைக்குத் தோன்றினாலும் அதற்கு ஓர் ஊர் இருக்கவேண்டும் என்றே ஓர் இடுக்கும் விடாமல் எல்லை போட்டார்கள்.

"புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எல்லை மாறுதுய்யா" என்றாள். குரல் இப்போது தெளிந்திருந்தது. "வடக்கத்தி வானத்துல உருவத்தச் சுத்தி வளைச்சு வளைச்சுப் போட்டிருக்காங்க. தெக்கத்தி வானத்துக்கு நேர்க்கோடு போட்டுட்டாங்க. உலகம் பூராவும் ஒத்துக்கிட்ட எல்லைன்னு இன்னும் ஒண்ணு ஆகல."

"ஆகலைன்னா? அதுவரைக்கும் ஆரு போடுவா?"

"நான் போடுதேன்."

அப்பாத்துரை ஐயா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எத வச்சு?"

"அளந்து. ஏட்டி கனி, ஈர்க்க எடு. ஆவுடை, நீயும் எடு. ஒருத்தி சொல்லுதது ஒருத்திக்குக் கேக்கக் கூடாது."

இருவரும் மாடியின் இரு முனைக்குப் போனார்கள். கையை முழுதாக நீட்டி, தென்னை ஈர்க்கை வானத்துக்கு எதிரே பிடித்து, பாம்பின் வால் நுனியிலிருந்து புது நட்சத்திரம் வரைக்கும் ஓர் அளவு, கழுகின் வால்மீனிலிருந்து ஓர் அளவு என நகத்தால் கீறிக் கொண்டுவந்தார்கள். அப்பாத்துரை ஐயா இரண்டு ஈர்க்குகளையும் வாங்கி, விளக்கருகே உட்கார்ந்து, ஒன்றோடொன்று சேர்த்துவைத்துப் பார்த்தார். கீறல்கள் பொருந்தின. அவர் விளக்கைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

பியூலா துணியில் புள்ளி வைத்தாள். பிறகு தூரிகையை மையில் தோய்த்து, பாம்பின் வாலுக்குச் சற்றுக் கீழே, கிழக்கு மேற்காக ஒரே மூச்சில் ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு வடக்கே பாம்பு. தெற்கே, அழிக்கப்பட்டவனின் நிலம் முழுவதும் கழுகு. புள்ளி தெற்கே விழுந்தது.

"எங்க ஊரு!" கனி துள்ளினாள்.

"டீச்சரம்மா, இது அநியாயம்! எங்க வாலுக்குத்தான் அவ கிட்ட நிக்கா. ஈர்க்கு அளவையே பாருங்க!" ஆவுடைத்தாய் கோட்டின்மேல் ஏறி நிற்காத குறை.

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. "கிட்ட நிக்கதெல்லாம் பாத்தியம் ஆகாது, பிள்ள" என்றார் அப்பாத்துரை ஐயா. "வாரிசு இல்லாத நெலம். சரி. அது ஆரு அனுபவத்துல இருந்துச்சு?"

"கழுகுதான்யா கால்ல தூக்கி வச்சிருந்துச்சு!" என்றாள் கனி.

"பெறகென்ன? கழுகுக்குத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான், வானத்தில் ஒரு வழக்கைத் தாமே விசாரித்துத் தீர்ப்பும் கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது. டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு மாடி முழுவதும் சிரித்தது. அப்பாத்துரை ஐயாவும் மீசைக்குள் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

குருவானவர் மட்டும் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "எல்லாம் சரிம்மா. கடைத்தெருவுல சனங்க பயந்து கெடக்காங்களே. இந்தப் பாடம் அந்தப் பயத்தக் கூட்டாதா?"

பியூலா வாயெடுக்குமுன் ஆவுடைத்தாய் பேசினாள். "ஊர்ல ஆரு ஆருன்னு தெரியாதவனுக்குத்தான்யா புது ஆளு பேயாத் தெரியும். எங்களுக்கு விருந்தாளியாத்தான் தெரிஞ்சா."

குருவானவர் அப்பாத்துரை ஐயாவிடம் திரும்பி, "இந்தப் பிள்ளைய நம்ம எந்த ஊருப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்? அங்கன இதையும் சேத்துச் சொல்லிக் குடுக்கட்டும்" என்றார். பாடம் பிழைத்த கணம் அதுதான். வாக்கெடுப்பு நடக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

"தீர்மானத்த நாளைக்கு எழுதிக்கிடலாம்" என்றார் அப்பாத்துரை ஐயா. "விடிஞ்சதும் தந்திக்கு ஆள் போகட்டும். பள்ளிக்கூடத்துப் பேர்லதான். புது நட்சத்திரம், கழுகு மண்டலம், பாம்பு எல்லைக்குத் தெக்கே. சரியாம்மா?"

"சனிக்கெழமையே கண்டதுன்னும் போடணும்யா. கண்டவங்க கனி, ஆவுடைத்தாய்."

"போட்டுருவோம்." அவர் எழுந்திருக்கப் போனார்.

பியூலா எழுந்திருக்கவில்லை. முழங்காலிட்டபடியே அவள் துணியை முழுதாக ஒருமுறை பார்த்தாள். கழுகுக்கும் அன்னத்துக்கும் இடையே ஒரு வெள்ளை. கடகப்பெட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை. தெற்கே தேளுக்கு அடியில் ஒன்று. அவள் வேலியடைத்து விட்டுவைத்த ஊர்களுக்கு நடுவே அத்தனை இடமும் பெயரில்லாமல் கிடந்தது. நேற்றுவரை அவை அவள் கண்ணில் படவே இல்லை. இன்று, சொந்தக்காரியின் வருகைக்குக் காத்திருக்கும் நிலமாகத் தோன்றின. அவள் தூரிகையை மறுபடியும் மையில் தோய்த்தாள். முதற்கோட்டின் கிழக்கு முனையில் அதை ஊன்றினாள். கோடு வடக்கே திரும்பி ஏறியது.

பெண்கள் சுவரோரத்தை விட்டு நெருங்கிவந்து துணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் போகவும் இல்லை.

"இன்னும் நெறைய இருக்கு" என்றாள் பியூலா, தலையை நிமிர்த்தாமலே. "விளக்க இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிங்கய்யா."

அப்பாத்துரை ஐயா குடையைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.